ஜீப்புக்கு உப்புப் பார்த்தவர்

மக்கீன் முதலாளி ஜீப்பின் பின்பக்கத்துக் கம்பளத்தை உயர்த்தி, அடியில் விரலைத் தேய்த்து, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு" என்றார்.

புரோக்கர் முனாப் தலையில் கை வைத்தான்.

"காக்கா, அது ஒங்கட வேர்வை. காலத்தால இருந்து இந்த வெயிலுக்க நிக்கிறீங்க. இந்தா, என்ட விரலையும் நக்கிப் பாருங்க. அதும் உப்பாத்தான் இரிக்கும்."

முதலாளி அவன் விரலை நக்கவில்லை. மற்றப் பக்கத்துக்குப் போய் அங்கேயும் கம்பளத்தைத் தூக்கினார். மணல் இருந்தது. ஒரு பிடி தேறும். வெள்ளை மணல்.

"இது எந்த ஊர் மண்?"

"மண்ணுட்ட எப்பிடிக் காக்கா நான் ஊர் கேக்கிற?"

"கடக்கரை மண் இது."

"ஜீப்பெண்டா கடக்கரைக்கும் போகும், காட்டுக்கும் போகும். அதுக்குத்தானே நாலு வீலும் இழுக்கிற மாதிரிச் செஞ்சிரிக்கான்."

முதலாளி சமாதானமாகவில்லை. நிந்தவூரில் அரிசி ஆலை வைத்திருக்கிற மனிதர் அவர். நெல் மூடைக்குள் கையை விட்டு ஒரு மணியை எடுத்துக் கடித்தாரென்றால், அது எந்த வயல் வட்டையில் விளைந்தது, எத்தனை நாள் காய்ந்தது, கொண்டுவந்தவன் எவ்வளவு பொய் சொல்கிறான் என்று மூன்றையும் சொல்லிவிடுவார். முப்பது வருடத்தில் அந்தப் பல் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. அதே பல்லையும் நாக்கையும் நம்பித்தான் சம்மாந்துறைக்கு ஜீப் வாங்க வந்திருந்தார்.

அவருடைய பயத்திலும் நியாயம் இருந்தது. கடல் ஊருக்குள் வந்துபோய் ஐந்தாறு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த ஒரு காலைப்பொழுதில் இந்தக் கரை நெடுக எத்தனை வாகனங்கள் கடல் குடித்தன என்று யாரும் எண்ணவில்லை. ஆட்களைப் பறிகொடுத்த ஊர் ஆட்களுக்காக அழுதுகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துச் சிலர் வாகனங்களைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து, பெயின்ற் அடித்து, 'டொக்டர் ஒருவர் பாவித்தது' என்று விற்றுத் தீர்த்தார்கள். வாங்கியவர்கள் ஆறு மாதத்தில், உப்புத் துரு தின்ற ஓட்டை வழியாக, கால் வைக்கிற இடத்தில் தார் ரோட்டைக் கண்டார்கள்.

இந்த ஜீப் எதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலாளியின் ஒரே மகள் ஸப்னாவுக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளை பஸால், நீர்ப்பாசன இன்ஜினியர். ஊர் பொத்துவில். பெடியன் நல்ல பெடியன். ஸப்னா அவனுடைய போட்டோவைக் குர்ஆன் அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அலுமாரியைத் துடைக்கிற சாட்டில் நாளுக்கு நாலு தடவை போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் தகப்பன் ஆதம்பாவா ஹாஜியார் அந்தக் கரையில் பெயர்பெற்ற மனிதர். கைக்கூலி என்று சீதனக் காசு வாங்கிக் கல்யாணம் முடிப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று ஏழு பள்ளிவாசல்களில் பேசியிருக்கிறார். அவருடைய பேச்சு சீடியாகக்கூட வந்தது. அந்த மனிதருடைய மகனை மருமகனாக எடுப்பதென்றால் சும்மாவா? சம்பந்தம் பேச முதலாளி பொத்துவிலுக்குப் போயிருந்தபோது, ஹாஜியார் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"காசா ஒரு சதமும் வேணாம் சம்பந்தி. கைக்கூலிக் காசு வாங்கிறவன்ட ஊட்ட நான் பச்சத் தண்ணியும் குடிக்கிறல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் முதலாளி. கண் கலங்கிவிட்டது.

"ஆனா…" என்றார் ஹாஜியார்.

முதலாளியின் கண் காய்ந்தது.

"பொடியன் குளம் குளமாத் திரியிற உத்தியோகம் பாருங்க. ஒரு ஜீப் இருந்தா நல்லம். அது அவனுக்குமில்ல, ஒங்கட மகளுக்குத்தான். வெள்ளைக் கலர். ஜப்பான். ஏழு பேர் இரிக்கணும். லெதர் சீட். மேல திறக்கிற கண்ணாடி இருந்தா இன்னும் நல்லம், பிள்ளைக்குக் காத்து வரும்."

திரும்பும்போது ஹாஜியார் வளவில் ஓர் உயரமான தகரக் கொட்டிலை முதலாளி கண்டார். வழுவழுவென்று சிமெந்துத் தரை. உள்ளே இரண்டு ஆடுகள் கட்டியிருந்தன. ஆட்டுக்கே இந்த மனிதர் இவ்வளவு வசதி செய்திருக்கிறார், நம்முடைய பிள்ளையை எப்படி வைத்துப் பார்ப்பார் என்று நினைத்தபோது அவருக்கு மனம் குளிர்ந்தது.

வீட்டில் மனைவி றஹீமாவுக்கு மனம் குளிரவில்லை.

"காசா வாங்கினா ஹறாம். ஜீப்பா வாங்கினா ஹலாலா?"

"நீ வாயப் பொத்து புள்ள. ஜீப் எங்க போகப்போகுது? மாப்பிள்ளையும் நம்மட ஊட்ட. ஜீப்பும் நம்மட வாசல்ல."

அது உண்மைதான். இந்தக் கரையில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்கு வந்து குடியேறுவார். அவரோடு சேர்ந்து சீதனமும் கொடுத்தவர் கண்ணுக்கு முன்னாலேயே கிடக்கும். கொடுத்தும் கொடுக்காத மாதிரி ஒரு சுகம்.

ஆனால் அந்தச் சுகத்துக்கு ஒரு விலை இருந்தது. வாய்க்கால் தலைமாட்டில் முதலாளிக்கு நாலு ஏக்கர் வயல். அவருடைய வாப்பா மண்வெட்டியோடு காடு வெட்டித் தேடிய வயல். குளத்தில் தண்ணீர் குறைந்து மற்றவர்கள் வானத்தைப் பார்க்கிற வருடத்திலும் அந்த வயலுக்கு முதல் தண்ணீர் வந்துவிடும். ஜீப் வாங்குவதென்றால் அதைத்தான் விற்க வேண்டும். வயலை ஜீப்பாக மாற்றுவதென்றால், அந்த ஜீப்பும் வயலைப் போல ஏமாற்றாததாக இருக்க வேண்டும். அதனால்தான் இந்த உப்புப் பார்ப்பு.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை தேடினார். வெள்ளை ஜீப் இருந்தால் லெதர் சீட் இல்லை. லெதர் சீட் இருந்தால் மேலே கண்ணாடி இல்லை. கடைசியில் ஹாஜியார் சொன்னது அத்தனையும் அப்படியே பொருந்தி, முனாபுடைய வளவில் ஒரே ஒரு ஜீப் நின்றது. அல்லாஹ் காட்டிய ஜீப் என்று முதலாளி நினைத்துக்கொண்டார்.

பதிவுப் புத்தகம், சுனாமிக்குப் பிறகு வந்து திரும்பிப்போன ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. மற்றதெல்லாம் ஓபன் பேப்பர். அதாவது, முதல் சொந்தக்காரர் கையெழுத்து வைத்துக் கொடுத்த வெற்றுப் படிவம். அதற்குப் பிறகு வாகனம் எத்தனை கை மாறினாலும் ஒருவருடைய பெயரும் எதிலும் ஏறாது.

"இப்ப ஆர்ட ஜீப் இது?"

"ஒராள் காக்கா. கட்டார்ல இரிக்கார்" என்றான் முனாப்.

முதலாளி எதைக் கேட்டாலும் முனாப் போனோடு சற்றுத் தள்ளிப் போய், கட்டாரில் கேட்டுக்கொண்டு இரண்டு நிமிடத்தில் பதிலோடு வருவான். நமது பள்ளியில் பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்கிற நேரத்தில் மட்டும் கட்டார்க்காரர் போனை எடுப்பதில்லை. தொழுகையாளி போலிருக்கிறது என்று முதலாளிக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது.

ஜீப்பில் வெளிப்படையாகத் தெரிந்த குறை இரண்டு. சாவியைப் போட்டு அரை மணி நேரம் கெஞ்சினால்தான் ஸ்டார்ட் ஆகும். பின்பக்கத்து இடது கதவு எவ்வளவு இழுத்தாலும் திறக்காது.

"துரு" என்றார் முதலாளி. "கடல் குடிச்சிரிக்கு."

அவர் காரைதீவு மெக்கானிக் சின்னப்போடி பாஸைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாஸுடைய கராஜ் கடற்கரையோரம் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கடல் அதை வேரோடு கொண்டுபோய்விட்டது. கடலுடைய கைவேலையை அவரைவிட யார் அறிவார் என்பது முதலாளியின் வாதம்.

பாஸ் ஜீப்பைச் சுற்றி வந்தார். கதவை இழுத்துப் பார்த்தார்.

"பூட்டுக்குள்ள துரு போலத்தான் கிடக்கு முதலாளி. கதவத் திறந்தாத்தான் துருவா எண்டு பாக்கலாம்."

"அப்ப திறங்க."

"துரு போனாத்தான் கதவு திறக்கும்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு தடவை கதவை இழுத்துப் பார்த்தார்கள். பிறகு பாஸ் சொன்னார்: "டாஷ்போர்ட்டக் கழட்டிப் பாப்பம். கடல் போயிருந்தா வயரெல்லாம் பச்சை பூத்திருக்கும். அது பொய் சொல்லாது."

"கழட்டுங்க."

"ஐயோ, கழட்டவா?" முனாப் பதறினான். "கட்டார்ல இரிக்கிறவர் கேட்டா நான் என்ன சொல்ற?"

"கடல் குடிக்கல்ல எண்டு சொல்லு."

மத்தியானம் வரை பாஸ் கழற்றினார். வயர்கள் கடையில் வாங்கியது போலப் பளபளத்தன. ஒரு பொட்டுப் பச்சை இல்லை. முதலாளிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அஸர் வரை பாஸ் பூட்டினார். பூட்டி முடித்தபோது ஏழு இஸ்குரு ஆணிகளும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியும் அவர் கையில் மிச்சமிருந்தன.

"இது என்ன பாஸ்?"

பாஸ் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஜப்பான்காரன் கூடுதலாப் போட்டிருக்கான் முதலாளி."

அன்றிலிருந்து ஏசி வேலை செய்யவில்லை. பிரேக்கை மிதித்தால் ஹோன் அடித்தது.

முனாப் போனோடு தள்ளிப் போனான். திரும்பி வரும்போது அவன் முகம் மாறியிருந்தது. "காக்கா, அவர் கடுங் கோபத்துல இரிக்கார். உடைச்சவங்கதான் எடுக்கணும் எண்டு சொல்றார். அச்சாரம் போடுங்க. இல்லாட்டி ஏசிய முன்ன இருந்த மாதிரி ஆக்கித் தாங்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். முதலாளி அச்சாரம் போட்டார்.

அந்தக் கோபத்தில், அட்டாளைச்சேனையில் நின்ற ஒரு நீல ஜீப்பைப் பற்றி ஹாஜியாரோடு போனில் கதைத்துப் பார்த்தார்.

"நீலமா?" என்றார் ஹாஜியார். "நீல ஜீப்புல வந்து இறங்கினா, இன்ஜினியரக் கொந்தராத்துக்காரன் எண்டுதான் சனம் நினைக்கும். சம்பந்தி, அவசரமில்ல. வெள்ளை கிடைக்காட்டி கல்யாணத்தக் கொஞ்சம் பிந்திப் பாப்பம். சிலவேளை அடுத்த வருஷம்."

அது போனுக்கு வெளியேயும் கேட்டது. அலுமாரியைத் துடைத்துக்கொண்டு நின்ற ஸப்னாவின் கை நின்றது. முதலாளி அதைப் பார்த்துவிட்டார். "இல்ல இல்ல, வெள்ளைதான், வெள்ளைதான்" என்றார் போனுக்குள்.

"விசாரிச்சுச் செய்ங்க" என்றார் ஹாஜியார் அன்போடு. "பொத்துவில் பக்கம் மட்டும் நீங்க அலைய வேணாம். இந்தப் பக்கத்து விசாரணைய எங்கிட்ட விடுங்க."

எவ்வளவு நல்ல மனிதர்!

கல்முனையில் நல்லரெத்தினம் என்று ஒருவர் ஓட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். வெளிநாட்டு நிறுவனம் இருந்த காலத்தில் இந்த ஜீப்பின் டிரைவர் அவர்தான். நிறுவனம் போகும்போது யாரும் கேட்காததால், மூன்று வருட ஓட்டத்தையும் எழுதிய ரன்னிங் சார்ட் கட்டு அவர் வீட்டு அடுப்படித் தட்டிலேயே தங்கிவிட்டது. முதலாளி தேடிப்பிடித்துப் போய் முன்னால் உட்கார்ந்தார்.

"அண்ணன், மறைக்காமச் சொல்லுங்க. இது கடல் குடிச்சதா?"

"கடல் வந்ததாலதான் முதலாளி இது வந்த. இது வரக்குள்ள கடல் போயிற்று." நல்லரெத்தினம் சிரித்தார். "சுனாமிக்குப் பிறகு மூணாம் மாசம் கொழும்புல இருந்து நான்தான் ஓட்டிவந்தன். சீட்டுல பொலித்தீனும் கழட்டல்ல."

"அப்ப அந்தக் கடக்கரை மண்?"

"வெள்ளைக்கார மெடம் ஒவ்வொரு நாளும் பின்னேரம் கடக்கரைக்குப் போவா. அகதிகளுக்கு வீடு கட்ட இடம் அளக்கிற."

"எத்தின நாள் அளந்த?"

"மூண்டு வருஷம்."

"வீடு கட்டினயா?"

"அளந்து முடியல்ல முதலாளி."

முதலாளிக்கு உப்புக் கவலை ஓய்ந்தது. ஆனால் ஆலைக்காரர் கண் சும்மா இருக்குமா? சார்ட்டைப் புரட்டினார். ஒரே நாளில் ஜீப் கொழும்புக்குப் போயிருந்தது. அதே நாளில் திருகோணமலைக்கும் போயிருந்தது. பின்னேரம் கல்முனையில் கூட்டத்துக்கும் வந்திருந்தது. சார்ட்டின்படி அது இதற்குள் உலகத்தை ஏழு தடவை சுற்றியிருக்க வேண்டும். மீட்டரோ எழுபதாயிரம் கிலோமீற்றர் என்றது.

"இதில எத நம்புற அண்ணன்?"

"மீட்டர நம்புங்க. சார்ட் நாங்க எண்ணெய்க் காசு எடுக்க எழுதினது." சொல்லிவிட்டு நல்லரெத்தினம் தொடர்ந்தார்: "நிறுவனம் போகக்குள்ள டெண்டர்ல வித்தாங்க முதலாளி. எடுத்தவர் வந்து என்ட கையாலதான் சாவி வாங்கினார். அந்த மனிசன்—"

"வித்த பிறகு நடந்த கதைய விடுங்க அண்ணன். எனக்குக் கடலும் வெடியும்தான் தேவை. கடல் முடிஞ்சுது. இது கண்ணிவெடி கிண்ணிவெடியில மாட்டினதா?"

"நான் ஓட்டினவரைக்கும் இல்ல. நான் லீவுல நிண்ட நாள் எனக்குத் தெரியா."

நல்லரெத்தினம் உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அந்த லீவு நாள்கள் முதலாளியின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டன. வெடியில் மாட்டிய வாகனத்தை நிமிர்த்தி விற்ற கதைகள் அவருக்கு நிறையத் தெரியும். யாரிடம் கேட்பது? யோசித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளில் போனவருடைய கண்ணில் சோதனைச்சாவடி பட்டது.

யுத்தம் முடிந்து ஒரு வருடமாகியும் அது அங்கேதான் இருந்தது. அங்கே ஒரு தடித்த கொப்பி உண்டு. எந்த வாகனம், எத்தனை மணிக்கு, எங்கிருந்து எங்கே, என்ன ஏற்றி என்று வருடக்கணக்காக எழுதிய கொப்பிகள் உள்ளே அடுக்கியிருந்தன. வாகனங்களுடைய சரித்திரத்தை இவ்வளவு ஒழுங்காக இந்த நாட்டில் வேறு யார் எழுதியிருக்கிறார்கள்? முதலாளி அப்படித்தான் நினைத்தார். இப்படி நினைத்து ஒரு சோதனைச்சாவடிக்குள் தானாக நடந்துபோன முதல் மனிதரும் அவராகத்தான் இருப்பார்.

அங்கிருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தது. முதலாளி சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"வாகனம் வாங்குற ஆள் எஞ்சின் பாக்கும். நீங்க ஏன் எங்கட கொப்பி பாக்குறது?"

முதலாளி ஜீப்பின் இலக்கத்தை எழுதிய துண்டை நீட்டினார்.

"அந்த ஜீப்பக் கொண்டு வாங்க."

முனாப் ஜீப்பைக் கொண்டுவந்தான். தடைமரத்துக்கு முன்னால் பயந்து பயந்து பிரேக்கை மிதித்தான். ஒவ்வொரு மிதிக்கும் ஹோன் அலறியது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழும்பி வந்தார்கள். சீட்டைக் கழற்றினார்கள். கம்பளத்தை எடுத்தார்கள். மேல் கண்ணாடியைத் திறந்தார்கள், அது பிறகு மூடவில்லை. கடைசியில் இடது கதவுக்கு வந்தார்கள். நாலு பேர் இழுத்தும் அது அசையவில்லை.

"ஏன் இது திறக்குறது இல்ல?"

"அதத்தான் நானும் கேக்கிறன் சேர்" என்றார் முதலாளி.

ஆறு வருடக் கொப்பியும் புரட்டப்பட்டது. ஜீப் சுத்தம். வெடி இல்லை, விபத்து இல்லை, ஒரு சின்னக் குற்றம்கூட இல்லை. ஆனால் ஒரு வாகனத்துக்காக இவ்வளவு பாடுபட்ட மனிதரைச் சும்மா அனுப்ப அதிகாரிக்கு மனம் வரவில்லை. புதிய கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி, ஜீப்பின் இலக்கத்தை எழுதி, 'பொறுப்பு: மக்கீன், அரிசி ஆலை, நிந்தவூர்' என்று போட்டுக் கையெழுத்து வாங்கினார். இனி அந்த ஜீப் எங்கே போனாலும் கேள்வி முதலாளியிடம்தான் வரும். வாங்குவதற்கு முன்னமே அது அவருடைய ஜீப்பாகிவிட்டது.

திரும்பி வரும் வழியில் மேல் கண்ணாடி வழியாக மழை பெய்தது.

"இவ்வளவு விசாரணையும் ஜீப்புக்குச் செய்றீங்க" என்றாள் றஹீமா, அவருடைய தலையைத் துவட்டிக்கொண்டு. "சம்பந்திமாரப் பத்தி ஒரு மனிசனிட்ட கேட்டீங்களா?"

"அல்லாஹ்வப் பயந்த மனிசன் புள்ள அவர். அவரப் பத்தி என்னத்தக் கேக்கிற? சீடி போட்டுக் கேள்."

கடைசித் தடவையாக ஜீப்பைப் பார்க்க ஹாஜியாரே சம்மாந்துறைக்கு வந்தார். வெள்ளை ஜுப்பா, கையில் தஸ்பீஹ் மணிமாலை. ஜீப்பைச் சுற்றி மெதுவாக நடந்தார். முன்பக்கத்துப் பொன்னெட்டில் கை வைத்துத் தடவினார். டாஷ்போர்ட்டில் ஆணிகள் இல்லாத ஓட்டைகளைக் கண்டதும் முகம் சுருங்கியது.

"ஆரு இதக் கழட்டின?"

"நான்தான் சம்பந்தி. பாக்கிறதுக்கு."

"இப்பிடியா பாக்கிற?" என்றார் ஹாஜியார். ஓட்டை ஒன்றை விரலால் மூடிப் பார்த்தார்.

பிறகு ஏறி உட்கார்ந்தார். முதலாளி எச்சரித்தார்: "லேசில ஸ்டார்ட் ஆகாது சம்பந்தி. அரை மணித்தியாலம் வேணும்."

ஹாஜியார் கண்ணை மூடி "பிஸ்மில்லாஹ்" என்றார். சாவியைப் பாதி திருப்பி நிறுத்தினார். உதடுகள் அசைந்தன. எதையோ ஓதுகிறார் என்று முதலாளி பயபக்தியோடு நின்றார். பத்து எண்ணுகிற நேரம் கழித்து ஹாஜியார் மிச்சத்தைத் திருப்பினார். ஜீப் ஒரே உறுமலில் ஸ்டார்ட் ஆனது.

முதலாளிக்கு மயிர்க்கூச்செறிந்தது. "ஸுப்ஹானல்லாஹ்! நாங்க ஒரு மாசமாப் பாடுபடுறம்."

"மனசுல நிய்யத் சுத்தமா இரிக்கணும் சம்பந்தி. நம்பி எடுங்க, நல்ல வாகனம். இதுக்கு நான் பொறுப்பு." இறங்கியவர் இன்னொரு தடவை பொன்னெட்டைத் தடவிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகனுக்காக அழுகிறார் என்று நினைத்த முதலாளிக்கும் அழுகை வந்தது. அடுத்த கிழமை வயலை எழுதிக்கொடுத்தார். உறுதியில் கையெழுத்து வைத்துவிட்டு வரும்போது, கடைசியாக வாய்க்கால் கட்டில் இறங்கி, வரப்போரம் நின்ற கதிரில் ஒரு மணியைப் பறித்துக் கடித்துப் பார்த்தார். பால் பிடித்திருந்தது. அதைத் துப்ப மனம் வரவில்லை, விழுங்கிவிட்டார்.

கல்யாணம் வெகு சிறப்பு. கைக்கூலி இல்லாத கல்யாணத்துக்கு முன்மாதிரி என்று மௌலவி ஒலிபெருக்கியில் ஆதம்பாவா ஹாஜியாரைப் புகழ்ந்தார். ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே" என்றார். பந்தலில் ஆறு பேருக்கு ஒரு சஹன் தட்டு என்று நெய்ச்சோறு வைத்தார்கள். வாசலில் பூமாலையும் ரிப்பனுமாக ஜீப் நின்றது. திறக்காத இடது கதவின்மேல் மட்டும் ரிப்பன் இரண்டு சுற்று அதிகம். மாப்பிள்ளை வீட்டாருக்கு அந்தக் குறை தெரியக் கூடாதல்லவா?

அஸருக்குப் பிறகு மாப்பிள்ளையின் தாய் சல்மா உம்மா கிளம்பினார். முழங்கால் வலியென்று அதுவரை அவர் நிந்தவூர்ப் பக்கம் வந்ததேயில்லை. கல்யாணப் பேச்சிலும் அவர் இருக்கவில்லை. பொம்பிளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பது ஹாஜியாரின் கொள்கை. அன்றிரவு சல்மா உம்மா அட்டாளைச்சேனையில் தங்கையுடைய வீட்டில் தங்குவதாக ஏற்பாடு.

"சம்பந்தியம்மா வேனுல போறயா? நம்மட ஜீப்புல போகட்டும்" என்றார் முதலாளி, நாலு பேருக்குக் கேட்கும்படியாக. சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினார்.

சல்மா உம்மா ஒரு கையில் பலகாரத் தட்டோடு ஆடி அசைந்து வந்தார். வலது பக்கத்துக் கதவை முதலாளி திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவரோ நேரே இடது பக்கத்துக்குப் போனார்.

"ராத்தா, ராத்தா! அந்தக் கதவு திறவாது! இஞ்சால வாங்க."

அது அவர் காதில் விழவில்லை. ரிப்பனை ஒரு கையால் ஒதுக்கினார். தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். இடுப்பால் கதவில் 'டக்' என்று ஓர் இடி இடித்து, பிடியை மேலே தூக்கி இழுத்தார்.

கதவு திறந்தது.

பந்தல் ஓரத்தில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்த சின்னப்போடி பாஸ், உரித்த பழத்தைக் கீழே போட்டுவிட்டுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே சஹனுக்கு முன்னால் இருந்த ஆதம்பாவா ஹாஜியார் சோற்றுக் கையோடு எழும்பி, "சல்மா! சல்மா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

சல்மா உம்மா அதற்குள் சீட்டில் சாய்ந்து, தட்டை மடியில் வைத்து, முந்தானையால் விசிறிக்கொண்டே முதலாளியைப் பார்த்துச் சொன்னார்:

"இது எங்கட ஊட்ட வந்த நாளையில இருந்தே இப்பிடித்தான் தம்பி, இடிச்சாத்தான் திறக்கும், ஒங்களுக்கு விக்க முன்னயாவது இந்தக் கதவச் செஞ்சு குடுங்க எண்டு இந்த மனிசனுக்கு நான் எத்தின தரம் சொன்னன்!"